மோத்ரியாவின் ஆறு பெட்டிகள்

எங்கள் வெர்பிவ்கா கிராமத்தில் திமிஷைப் போல டிராக்டர் ஓட்ட ஆளில்லை. தேனீ விஷயத்தில் அவனைப் போல ஒரு மக்கும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒடார்கா நான். இருபது வருஷமாக வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கிறேன், சொல்ல உரிமை உண்டு.

தேனீக்கள் அவன் மனைவி மோத்ரியாவுடையவை. போன செப்டம்பரில் அவள் இத்தாலிக்குப் போனாள், ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு. ஈஸ்டருக்கு வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் பஸ் ஏறினாள். வீட்டுக்குப் பின்னால் ஆறு தேனீப் பெட்டிகளை விட்டுப்போனாள். ஒவ்வொன்றும் ஆள் படுக்கும் நீளம். உள்ளே தேனடைச் சட்டங்கள் ஒரே வரிசையில் தொங்கும்.

குளிர் வந்தால் தேனீக்கள் பந்தாகத் திரண்டு, தேனைத் தின்றபடியே ஒரே திசையில் நகரும். ஓரம் முட்டிவிட்டால் திரும்பி வர அவற்றுக்குத் தெம்பிருக்காது. அதனால் மோத்ரியா கூட்டத்தை ஓர் ஓரமாக ஒதுக்கி, தேன் முழுவதையும் மறுபக்கம் வைத்திருந்தாள். திமிஷுக்கு அதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. அக்டோபரில் பெட்டிகளைத் திறந்து, கூட்டத்தை நடுவில் வைத்து, தேனை இரண்டு பக்கமும் பங்கு போட்டான்.

"ரெண்டு பக்கமும் சாப்பாடு இருந்தா நல்லதுதானே, ஒடார்கா?"

"நல்லதுதான்" என்றேன். எனக்கென்ன தெரியும்?

ஆறாவது பெட்டிக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. சோம்பல்பட்டு அதை அப்படியே விட்டுவிட்டான்.

ஜனவரியில் பனி ஜன்னல்வரை ஏறியது. தினமும் காலையில் திமிஷ் மண்டியிட்டு, பெட்டி வாசலில் ரப்பர் குழாயை நுழைத்துக் காதில் வைத்துக் கேட்பான். பிறகு அதே குழாயில் வாயை வைத்து ஏதோ பேசுவான். அந்த வீட்டில் அவன் பேச வேறு யாரும் இல்லை. எனக்குப் பார்க்கவே பாவமாக இருக்கும். "யோவ் திமிஷ், என்னய்யா, ரகசியமா?" என்று கிண்டல் செய்வேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி தொடக்கத்தில் ஐந்து பெட்டிகளில் சத்தம் நின்றுபோனது. திறந்து பார்த்தால், எல்லாம் ஒரு பக்கத்துச் சுவரோடு ஒட்டிச் செத்துக் கிடந்தன. மறுபக்கத் தேன் தொடப்படாமல் இருந்தது. திறக்காமல் விட்ட ஆறாவது மட்டும் பிழைத்திருந்தது.

திமிஷிடம் செல்போன் கிடையாது. ஞாயிறு மதியம் மோத்ரியா என் போனில்தான் அழைப்பாள். "தேனீ நல்லா இருக்கு, நானும் நல்லா இருக்கேன்" என்பான் அவன். அவனிடம் கொடுக்கும் முன் நானும், "உன் புருஷன் நல்லாத் தின்னு கொழுத்துட்டான்டி" என்பேன். தேனீக்கள் செத்த பிறகும் இதையேதான் சொன்னோம். தேனீ போச்சென்று தெரிந்தால் அவள் வரவே மாட்டாள் என்று அவனுக்குப் பயம்.

பிப்ரவரி மூன்றாவது ஞாயிறு அவள் கேட்டாள்: "எனக்கு அதுங்க சத்தம் கேக்கணும்போல இருக்கு. ஒவ்வொரு பெட்டி வாசல்லயும் போனை வை."

ஸ்பீக்கரைப் போட்டு அவன் கையில் கொடுத்தேன். நேராக ஆறாவது பெட்டிக்குப் போய் விரலால் தட்டினான். உள்ளே ரீங்காரம் எழுந்து அடங்கியது. "இது மொதல் பெட்டி" என்றான். பிறகு பனியில் சும்மா நாலடி நடந்து திரும்பி வந்து, அதையே மறுபடி தட்டினான். "ரெண்டாவது." இப்படி ஆறு தடவை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"திமிஷ்" என்றாள் மோத்ரியா. "ஆறும் ஒரே குரலா இருக்கே. என் மூணாவது பெட்டி முரட்டுக் கூட்டம், தட்டினா சீறும். உண்மையச் சொல்லு, எத்தன மிச்சம்?"

"ஒண்ணு."

போனில் அந்தக் கிழவி இருமுவது கேட்டது. மோத்ரியா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நேத்து இந்தக் கிழவியோட மக கேட்டுச்சு. இன்னும் ஒரு வருஷம் இருக்கேன்னு வாக்குக் குடுத்துட்டேன். வாரா வாரம் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னே சொன்னே. நான் இல்லாமலே உன்னால சமாளிக்க முடியுதுன்னு நெனச்சேன்."

திமிஷ் பெட்டி மூடியில் உட்கார்ந்துவிட்டான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் நல்லா இல்ல, மோத்ரியா."

அவள் அழுவது தெளிவாகக் கேட்டது. "இத முந்தாநாள் சொல்லியிருக்கக் கூடாதா, மடையா?"