லவான் வாயை மூடிய சனிக்கிழமை

லவான் கிட்டில்சன் கையில் மைக்கைக் கொடுத்தால் அவளுக்குக் கோபம் வரும். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியே தலை நரைத்தவள் அவள். பின்சீட்டில் எவன் எவளுடைய பின்னலை இழுக்கிறான் என்று கண்ணாடியில் பார்த்து, வண்டியை நிறுத்தாமல் ஒரே அதட்டலில் பஸ்ஸையே அடக்குவாள். அந்தத் தொண்டைக்கு மைக் எதற்கு? ஓய்வு பெற்ற மறு கோடையில், எங்கள் ஏரிக்கரை மாநிலப் பூங்காவில் நிகழ்ச்சி நடத்த ஆள் தேடினார்கள். போய் நின்றாள், எடுத்துக்கொண்டார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஜூன் பிறந்துவிட்டால் அவளை வீட்டில் பார்க்க முடியாது. காலையில் பிள்ளைகளை ஓடையில் இறக்கிவிட்டு, கல்லைப் புரட்டி அடியில் என்ன ஊர்கிறது என்று காட்டுவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடாரம் போட்டிருக்கிறவர்களைத் தீயைச் சுற்றி உட்காரவைத்து ஆந்தை மாதிரி கத்துவாள். நிஜ ஆந்தை பதில் கத்தினால் அன்றைக்கு அவளைப் பிடிக்க முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் டிராக்டர் வண்டி. வைக்கோல் கட்டுகளின்மேல் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றி வரவேண்டும், வழியெல்லாம் பூங்காவின் சரித்திரத்தைச் சொல்லவேண்டும். அரசாங்கம் எப்போது நிலத்தை வாங்கியது, யார் கையெழுத்துப் போட்டார் என்பதையெல்லாம் லவான் ஒரே மூச்சில் முடித்துவிடுவாள். மிச்ச சரித்திரம் முழுவதும் ஊர் வம்பு.

அந்த வம்புகளுக்கெல்லாம் ராஜா, அவள் அக்காள் புருஷன் ஹார்லனின் கதைதான். குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் நடுவில், எஞ்சினைக் கழற்றிய ஓட்டைக் கார் ஒன்றை எங்கள் ஊரில் நிறுத்திவைப்போம். பனி இளகி அது என்றைக்கு முழுகும் என்று ஊரே சீட்டு வாங்கிப் பந்தயம் கட்டும். ஒரு வருஷம் மார்ச் கடைசியில், மீன்பிடிக்கிற சின்னக் குடிசையை ஏரியிலிருந்து இழுத்துவர ஹார்லன் தன்னுடைய லாரியைப் பனிமேல் ஓட்டிக்கொண்டு போனார். பந்தயக் கார் அசையாமல் நின்றது. அதற்குப் பத்தடி தள்ளி ஹார்லனின் லாரி முழுகியது. இடுப்புவரை நனைந்து வீட்டுக்கு நடந்தே வந்த மனிதரை, அந்த வெள்ளிக்கிழமை மீன் பொரியல் விருந்தில் எல்லோரும் மடக்கினார்கள். அவர் பீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "தாங்கும்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஊரில் யார் என்ன முட்டாள்தனம் செய்தாலும் அந்த வாக்கியம்தான்.

ஏரி வளைவுக்கு வண்டி வந்ததும் லவான் எழுந்து நின்று, ஹார்லனின் இழுத்துப் பேசும் குரலிலேயே அதைச் சொல்வாள். வைக்கோல் கட்டிலிருந்து ஆட்கள் உருண்டு சிரிப்பார்கள். ஹார்லனே ஒருமுறை பின்னால் உட்கார்ந்து, தொப்பி விழுகிற அளவுக்குச் சிரித்திருக்கிறார்.

பிறகு ஒரு நவம்பரில் ஹார்லன் தூக்கத்திலேயே போய்விட்டார். அடுத்த கோடையில் அக்காள் ஆர்டிஸ், பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு டிராக்டர் வண்டியில் ஏறினாள். அவள் ஏறியது லவானுக்குத் தெரியும். கையைக்கூட ஆட்டினாள். ஆனால் வண்டி ஏரி வளைவில் திரும்பியதும், வழக்கம்போல லவான் எழுந்தாள், வாய் திறந்தது, இறந்துபோன மனிதரின் குரல் வெளியே வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஆர்டிஸ் டிராக்டரை நிறுத்தச் சொல்லி, பிள்ளைகளை இறக்கிக்கொண்டு நடந்தே போனாள்.

மூன்று வருஷம் அக்காளும் தங்கையும் பேசவில்லை. பேசவில்லை என்றால் ஆர்டிஸ் பேசவில்லை. லவான் எங்கே சும்மா இருந்தாள்? அக்காளின் ஃபோனில், பதிவு தீர்ந்து தானாகவே துண்டிக்கும் வரை மன்னிப்புக் கேட்டாள். மறுபடி கூப்பிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். மன்னிப்புக்கு நடுவில் "அத்தானுக்கே அந்தக் கதை புடிக்கும்க்கா" என்று ஒரு வார்த்தை விட்டாள். நுணலும் தன் வாயால் கெடும். அவள் சுட்டுக் கொண்டுபோய் வாசலில் வைத்த கேக்கின் தட்டு, கழுவித் துடைத்து வெறும் தட்டாக அவள் வாசலுக்கே திரும்பி வந்தது. வெறும் தட்டைத் திருப்புவதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. லவான் அன்று சமையலறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கூடப் பிறந்தவள் ஒருத்திதான் இருக்கிறாள், அவளும் இல்லை என்றாகிவிட்டதே என்று அழுதாள்.

ஹார்லன் கதையை மட்டும், அக்காள் வண்டியிலிருந்து இறங்கிப்போன அன்றோடு நிறுத்திவிட்டாள். ஏரி வளைவில் இப்போதெல்லாம், அந்தக் காலத்தில் பனிக்கட்டியை ரம்பத்தால் அறுத்து நகரத்துக்கு ரயிலேற்றிய கதையைச் சொல்கிறாள். யாரும் உருண்டு சிரிப்பதில்லை.

இந்த ஜூனில் பூங்கா மேலாளர் கர்ட் அவளைக் கூப்பிட்டான். கர்ட்டுக்கு இப்போது நாற்பது வயது. லவான் பஸ்ஸில் வளர்ந்தவன்தான்.

"லவானம்மா, ஒரு ஒதவி. யோகா டீச்சர் கணுக்கால ஒடச்சுக்கிட்டாங்க. சனிக்கிழமை காலைல மௌன நடை இருக்கு, நடத்த ஆள் இல்ல."

"என்ன நடை?"

"மௌன நடை. காட்டுக்குள்ள பேசாம நடக்கறது. மனசுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லதாம். ஆஸ்பத்திரிக்காரங்களே இப்பல்லாம் எழுதிக் குடுத்து அனுப்புறாங்க."

"டேய் கர்ட், ஒனக்கு வேற ஆளே கெடைக்கலயா? ஊரே சிரிக்கும்டா."

"நீங்க ஒண்ணும் செய்யவேணாம். மேல போய் வேன்ல எறக்கிவிடுவோம். நீங்க முன்னால நடந்து கீழ வந்து சேரணும். கொடிக்கம்பத்துக்கு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. யாரும்."

"தும்மலாமா?"

"தும்மலாம். ஆனா தும்மலோட சரித்திரத்த சொல்லக்கூடாது" என்றான் கர்ட்.

சனிக்கிழமை காலை வேனின் முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விதிமுறைகளை மனப்பாடம் செய்துகொண்டே போனாள். மேலே போய் இறங்கித் திரும்பிப் பார்த்தால், பின்கதவு வழியாக இறங்கியவர்களில் கடைசி ஆள் ஆர்டிஸ். கையில் ஊன்றுகோல், தலையில் ஹார்லனின் தொப்பி.

டாக்டர் எழுதிக் கொடுத்ததால் வந்திருக்கிறாள். நடத்துவது யோகா டீச்சர் என்று நினைத்து வந்திருக்கிறாள். லவானைப் பார்த்ததும் அவள் முகம் கதவைச் சாத்தியது. உடனே திரும்பி வேனைப் பார்த்தாள். வேன் கிளம்பிப் போய்விட்டது. அவள் காரோ கீழே கொடிக்கம்பத்தருகில். காரிடம் போக இருக்கிற ஒரே வழி, தங்கைக்குப் பின்னால் நடப்பதுதான்.

லவானுக்கு நாக்கு துடித்தது. மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்தது அத்தனையும் தொண்டையில் வந்து நின்றது. "அக்கா" என்று ஒரு சொல் போதும், மிச்சம் தானாகக் கொட்டும். ஆனால் சுற்றி நிற்கிறவர்கள் விதிமுறைக்காகக் காத்திருந்தார்கள். விதிமுறையைச் சொன்னாள். பேசக்கூடாது என்றாள். சொல்லிவிட்டு முதல் ஆளாக அவளே வாயை மூடினாள்.

காட்டுப் பாதை அவளுக்கு அத்துப்படி. ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்ல ஒரு விஷயம் வைத்திருப்பாள். செருப்பு வடிவத்தில் பூக்கும் இளஞ்சிவப்புப் பூவைக் கடந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள். சதுப்பில் பெரிய சாம்பல் கொக்குகள் இரண்டு குஞ்சோடு நடந்தபோது விரலை மட்டும் நீட்டினாள். எல்லோரும் நின்று பார்த்தார்கள். அவள் விளக்கம் சொல்லாமலே கொக்கு கொக்காகத்தான் இருந்தது. இதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

பாறையில் வெட்டிய படிகள் ஈரமாக இருந்தன. லவான் ஒதுங்கி நின்று, இறங்குகிறவர்களுக்கு ஒவ்வொருவராகக் கை கொடுத்தாள். ஆர்டிஸின் முட்டி மோசம் என்று அவளுக்குத் தெரியும். கையை நீட்டினாள். ஆர்டிஸ் அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வழக்கமான லவானாக இருந்தால், "விழுந்து வைக்காத, இடுப்பு போயிரும்" என்று அந்த இடத்திலேயே ஒரு சண்டை ஆரம்பித்திருப்பாள். அன்று நீட்டிய கையை மடக்கி ஜோபிக்குள் வைத்துக்கொண்டாள்.

பாதி வழியில் ஏரியைப் பார்த்த ஒரு மேட்டுப்பாறை. அங்கே ஆளுக்கொரு இடத்தில் தனியாக உட்காரவேண்டும் என்பது ஏற்பாடு. ஆர்டிஸ் விளிம்பில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்தாள். எந்த இடத்தைப் பார்க்கிறாள் என்று லவானுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அக்காளின் தோள் குலுங்கியது. லவானால் பொறுக்கமுடியவில்லை. எழுந்து போய், ஒரு கை தூரம் விட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆர்டிஸ் நகரவில்லை. இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாள் பேசிப் பேசி அக்காளுக்கு அழக்கூட இடம் வைக்கவில்லையே என்று லவானுக்கு அப்போதுதான் பட்டது.

திடீரென்று பின்கழுத்தில் பளார் என்று ஓர் அடி. லவான் துள்ளித் திரும்பினாள். ஆர்டிஸ் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்: ரத்தம் குடித்து நசுங்கிய பெரிய கொசு. ஒரு கொசுவுக்கு அவ்வளவு பலமான அடி தேவையில்லை. மூன்று வருஷத்துக் கணக்கும் அதில் சேர்ந்திருந்தது. லவானுக்குச் சிரிப்பு முட்டி மூக்கு வழியாக வந்தது. கண்மூடி உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் ஒரு கண்ணைத் திறந்து முறைத்தாள்.

கொடிக்கம்பத்துக்கு வந்ததும் எல்லோருக்கும் வாய் வந்துவிட்டது. கொக்கைப் பற்றியும் கொசுவைப் பற்றியும் பேசிக்கொண்டே கார்களுக்குப் போனார்கள். லவான் மட்டும் கம்பத்தடியில் மரம் மாதிரி நின்றாள். ஆர்டிஸ் கார்க் கதவைத் திறந்தாள், மூடினாள், திரும்பி வந்தாள்.

"என்னடி, நட முடிஞ்சு போச்சு. இன்னும் வாயத் தெறக்கல?"

"பயமா இருக்குக்கா."

"ஒனக்கா? பயமா?"

"எதையாச்சும் சொல்லித் தொலச்சிருவேன்."

ஆர்டிஸ் தொப்பியைக் கழற்றி, அதன் விளிம்பை நீவினாள். "அந்தக் கதைய இப்பச் சொல்றதில்லையாமே. கர்ட் சொன்னான்."

"அன்னைக்கே விட்டுட்டேன்."

"அவரு பேர இப்ப ஊர்ல ஒருத்தரும் சொல்றதில்ல லவான். மீன் பொரியலுக்குப் போனா, என்னப் பாத்ததும் பேச்ச மாத்திடுறாங்க. செத்தவர இன்னொருக்கா பொதச்ச மாதிரி இருக்கு."

லவான் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"கதைக்காக எறங்கிப் போகலடி நான்" என்றாள் ஆர்டிஸ். "அன்னைக்கு அவரு லாரிய எடுக்கவே மாட்டேன்னாரு. நடந்து போய்க் கயிறு கட்டி இழுத்துட்டு வரேன்னாரு. நான்தான் வெரட்டினேன். பந்தயக் காரே நிக்குது, நம்ம வண்டி நிக்காதா, மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும், எடுத்துட்டுப் போங்கன்னேன். நனஞ்சு வந்து நின்னாரு. ஒரு வார்த்த கேக்கல. ஊரே கேட்டப்ப, 'தாங்கும்னு நெனச்சேன்'ன்னு தன் தலைல போட்டுக்கிட்டாரு. சாகுற வரைக்கும் என்னக் காட்டிக்குடுக்கல. நீ அவரு குரல்ல சொன்னதும், வண்டியே சிரிச்சதும்... என்னால உக்கார முடியல."

லவான் அக்காளைக் கட்டிக்கொண்டாள்.

"சாயங்காலம் வண்டி உண்டுல்ல?" என்று ஆர்டிஸ் அவள் தோளில் முகம் வைத்தபடியே கேட்டாள். "எனக்கு முன்னால எடம் வை."

அன்று சாயங்காலம் டிராக்டர் ஏரி வளைவில் திரும்பியபோது லவான் அக்காளைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்தாள். பந்தயக் கார், மார்ச் மாதம், அத்தான் ஹார்லன் என்று சொல்லிக்கொண்டே வந்து, லாரி பனிமேல் ஏறுகிற இடத்தில் நிறுத்திவிட்டாள். முன்வரிசையில் வைக்கோல் கட்டைப் பிடித்துக்கொண்டு ஆர்டிஸ் எழுந்தாள். முன்பின் தெரியாத அத்தனை முகங்களையும் ஒருமுறை பார்த்தாள்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது. போங்க, தாங்கும்னு சொன்ன அறிவாளி நான்தான்" என்றாள்.

வண்டியே வெடித்துச் சிரித்தது. அவளையும் சேர்த்துத்தான் சிரித்தார்கள். ஹார்லன் அத்தனை வருஷம் தனியாக வாங்கிக்கொண்டிருந்த சிரிப்பில் தன் பங்கை வாங்கிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழிய ஆர்டிஸும் சிரித்தாள்.