இங்கிலாந்துக் கடலில் ஒரு தலைமன்னார் நடை

முட்டாள்களில் நான் தனி ரகம். தலைமன்னாரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்ததால் உலகத்துக் கடல் எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்தவன்.

அரையாண்டுப் படிப்புக்காக என்னையும் உப்புக்குளத்து ரிஸ்வானையும் பல்கலைக்கழகம் இங்கிலாந்துக்கு அனுப்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போனோம். கடல் வற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் ஈர மணல். எங்கள் ஊரில் வற்றுக்கும் பெருக்குக்கும் முழங்கால் அளவுகூட வித்தியாசம் இராது. பயமில்லாமல் நடக்கலாம்.

"டேய், எச்சரிக்கைப் பலகை ஒண்டு நிக்குது," என்றான் ரிஸ்வான்.

"அது கடல் தெரியாத ஆக்களுக்கு மச்சான்."

அவன் கரையிலேயே நின்றுவிட்டான். நான் நெடுந்தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், பெருக்கு ஏறி, எனக்கும் கரைக்கும் நடுவே இருந்த பள்ளத்தில் தண்ணீர் ஓடுகிறது. பள்ளத்தில் இறங்கியதும் நெஞ்சளவு வந்துவிட்டது. நீந்தினேன், குளிரில் கைகால்கள் சொல்வழி கேட்கவில்லை. மாதாவைக் கூப்பிட்டேன். ரிஸ்வான் கூப்பிட்ட மீட்புப் படகு வந்து தூக்கியது.

இனிக் கடற்கரைப் பக்கமே போகக் கூடாது என்றார் விடுதிப் பொறுப்பாளர். ஒருமுறை முட்டாளானதற்காகக் கடலை விட்டுவிட நான் தயாரில்லை. படிப்பு முடியும்வரை போனேன். ஆனால் பெருக்கு நேரம் பார்த்து, அந்த ஊர் மீனவரிடம் கேட்ட பிறகே மணலில் கால் வைத்தேன். இன்றும் புதுக் கரை எதுவானாலும் அப்படித்தான்.

படகு தூக்கிவந்த அன்றைக்கே, கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு ரிஸ்வானிடம் சவால் விட்டேன்:

"நாளைக்கும் போவன். ஒருத்தராலும் என்னை மறிக்கேலாது."

"முதல்ல எழும்பி நில்லு."