கன்னத்துப் பைக்குள் கடலை

குரங்குக்குக் கன்னத்துக்குள் பை இருக்கிறது என்று தெரிந்த நாளில் நான் வீட்டில் ஒருத்தரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. சொன்னது சித்தி, அம்மாவின் தங்கை. குரங்குகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய மாமல்லபுரத்துக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். குரங்கு கிடைத்ததை எல்லாம் முதலில் அந்தப் பையில் திணித்துக்கொண்டு ஓடிவிடுமாம், அப்புறம் சாவகாசமாக மெல்லுமாம். எனக்கு மட்டும் ஏன் பை இல்லை என்று நான் அழுததாக அப்பா இன்றும் சொல்கிறார். சுத்தப் பொய். கேட்டேன், அவ்வளவுதான்.

கோடை விடுமுறை. தினமும் காலையில் சித்தியோடு பாறைக்குன்றுக்குப் போவேன். எங்கள் ஊரில் கல்லில் செதுக்கிய குரங்குக் குடும்பமே உண்டு. பெண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆண் பேன் பார்த்துக்கொண்டிருக்கும். சித்திக்கு உயிருள்ளவைதான் வேண்டும். நடுவகிடு எடுத்து வாரிவிட்ட மாதிரி தலைமயிரோடு இருபது குரங்குகள் அங்கே இருந்தன. எது எதற்குப் பேன் பார்க்கிறது, எது வந்தால் எது எழுந்து இடம் விடுகிறது, எல்லாவற்றையும் மணி போட்டு நோட்டில் எழுதுவாள். அம்மா பெரிய இடம் என்றால் மகளும் பெரிய இடமாம்! காது கிழிந்த கிழவி ஒருத்தி வந்தால் மற்றப் பெண் குரங்குகள் நகர்ந்துகொள்ளும். அவளுடைய பொடி மகளுக்கும் அதே மரியாதை. அப்பப்பா, எனக்குப் புல்லரித்துப் போனது.

ஆனால் சித்தியைக் கண்டாலே அவை உச்சிக்கு ஏறிவிடும்.

“கிட்ட இருந்து பாத்தாத்தான் எழுத முடியும். இந்த மாசத்துக்குள்ள பழகலன்னா புரொபசர் வேற மலைக்கு அனுப்பிடுவாரு” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தி போய்விட்டால், குரங்கு புருவத்தைத் தூக்கி மிரட்டுவதை எனக்கு யார் செய்து காட்டுவார்கள்?

சித்தியிடம் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. குரங்குகளுக்குத் தின்ன எதுவும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவை தம் போக்கில் இருக்காது, நம் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மறுநாளே சட்னிக்கு வைத்திருந்த வறுத்த வேர்க்கடலையை அள்ளிப் பாவாடையில் முடிந்துகொண்டேன். தினமும் சித்தி மூச்சு வாங்க ஏறி வருவதற்குள் முன்னால் ஓடி, அவள் உட்காரும் பாறையைச் சுற்றி இறைத்துவிடுவேன். அந்தப் பை எவ்வளவு வசதி! அவள் வந்து சேரும்போது அத்தனையும் கன்னத்துக்குள் போயிருக்கும். உப்பிய கன்னங்களைப் பார்த்துவிட்டு, “எங்கியோ அத்திப்பழம் பழுத்திருக்கு” என்று எழுதிக்கொள்வாள்.

மூன்றாம் நாள் கிழவி சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் பொடி மகள் சித்தியின் செருப்பைத் தொட்டுப் பார்த்தது. சித்தி என் கையைப் பிடித்து நசுக்கினாள். “சேத்துக்கிச்சுடி! என்னைக் கூட்டத்துல சேத்துக்கிச்சு!” அன்று சாயங்காலம் எல்லாருக்கும் பால்கோவா வாங்கி வந்தாள். நான் அதை இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டு குதித்தேன்.

அம்மாவோ, “வூட்ல எலி பூந்துகினு கீது, கடலை டப்பா காலியாவுது” என்று அப்பாவை விரட்டிக்கொண்டிருந்தாள். அப்பா மசால்வடை வைத்துப் பொறி வைத்தார். எந்த எலி வரும்? பன்னிரண்டாம் நாள் அம்மா டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டாள்.

வெறுங்கையோடு போனேன். கிழவி நேராக என்னிடம் வந்து, பாவாடையின் முடிச்சை இழுத்து அவிழ்த்து உதறினாள். சிவப்புத் தோல் மட்டும் பறந்தது. புருவத்தைத் தூக்கினாள் பாருங்கள், எனக்கு உயிரே போய்விட்டது. கூட்டம் முழுவதும் என்னைச் சூழ்ந்துகொண்டது. சித்தி என்னை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, கீழே கிடந்த கடலைத் தோலை எடுத்துப் பார்த்தாள்.

“எத்தினி நாளா?”

“நீ போயிடுவியேன்னுதான் சித்தி.”

திட்டவில்லை. நோட்டைத் திறந்து பன்னிரண்டு நாள் பக்கங்களையும் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். அப்புறம் ஏதோ எழுதினாள்.

மாசம் முடிந்ததும் பஸ் ஏறிவிட்டாள். படம் வரைய என்று அந்த நோட்டை எனக்கே கொடுத்தாள். அடித்த பக்கங்களில் கடைசிப் பக்கத்தின் அடியில், கோடு படாமல் ஒரு குறிப்பு இருந்தது: ‘இந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் தினமும் தீனி கொண்டுவந்து இறைக்கிறது, புதிதாக வந்தவள் போய்விடக் கூடாது என்று. வேறெங்கும் இப்படிப் பார்த்ததில்லை.’

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தீனி கொடுக்கும் குரங்கா! என்னிடம் சொல்லாமல் மறைத்துவிட்டாளே என்று கோபம் வேறு. ஒரு வாரம் குன்றில் வெயிலில் காய்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று எதுவும் கொடுக்கவில்லை, பிடுங்கத்தான் செய்தன. கடைசியில் அம்மாவின் செல்போனை வாங்கிச் சித்தியைக் கூப்பிட்டேன்.

“அந்தக் குரங்கு எதுன்னே தெரியல சித்தி. காதாவது கிழிஞ்சிருக்குமா, சொல்லேன்!”

அந்தப் பக்கம் சித்தி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“காதெல்லாம் நல்லாத்தான் இருக்குடி. தேடு. அங்கதான் இருக்கும்.”

சித்திக்குச் சளி பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, நான் மறுபடியும் குன்றுக்கு ஓடினேன்.