நாளைக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்

புதுக்கோட்டையிலிருந்து வரும் முதல் பஸ் எங்கள் ஊரில் அரை நிமிடம்கூட நிற்காது. அன்று நின்றது. கண்டக்டர் இறங்கி, கோயில் வாசல்வரை நடந்தே வந்தார். நான் காலைச் செபத்தை முடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். "உபதேசியாரே, ஒங்க சாமியார் விடியக்காலம் தவறிட்டாருங்க. ஆஸ்பத்திரியில சொல்லிவிட்டாங்க" என்றார். எங்கள் வேதத்துக்காரர் இல்லை அவர். ஆனாலும் கோயிலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

செபத்துக்கு வந்த பெண்கள் இன்னும் கலையவில்லை. அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்து, "நேத்துச் சாயந்தரம் நீங்கதான சொன்னீங்க, சாமி நல்லா இருக்காரு, சிரிச்சுப் பேசுனாருன்னு?" என்று கேட்டாள். ஆமாம், நான்தான் சொன்னேன். சூசைமாணிக்கம் சாமியாரை அறிந்த நீங்கள் எல்லோரும் முப்பதாம் நாள் பூசைக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னீர்கள். அந்த ஆறுதலுக்கு நான் லாயக்கில்லாதவன். ஏன் என்று இதில் எழுதுகிறேன். படித்த பிறகு என்னைத் திட்ட வேண்டுமென்றால் தாராளமாகத் திட்டுங்கள்.

அவர் எங்கள் பங்குக்கோயிலுக்கு வந்தது நாற்பத்தொன்பதாம் வருடம். ஒரு தகரப் பெட்டி, ஒரு பழைய சைக்கிள், முழங்கால்வரை செம்மண் அப்பிய வெள்ளை அங்கி. அவருக்குக் கீழே பதினான்கு வருடம் நான் உபதேசியார். சாமியார் வெளியூர் போன நாட்களில் கோயிலில் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பது, எந்த வீட்டிலாவது ஒருவர் சாகக் கிடந்தால் உடனே சாமியாருக்கு ஆள் அனுப்புவது, இவைதான் என் வேலை. கடைசியாகச் சொன்ன வேலையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாகக் கிடப்பவருக்குக் குருவானவர் வந்து, அர்ச்சித்த எண்ணெயைக் கண், காது, கை, பாதம் என்று பூசிச் செபிப்பதை நாங்கள் அவஸ்தை கொடுப்பது என்போம். எங்கள் சனங்களுக்கு அதில் ஒரு பயம். அவஸ்தை கொடுத்தால் ஆள் போய்விடும் என்று. அதனால் கண் செருகி, மூச்சு இழுக்கிறவரை சாமியாருக்குச் சொல்லவே மாட்டார்கள். சைக்கிள் ஒரு தெருவில் திரும்பினால் போதும், யார் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கப்போகிறது என்று எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

மேலத்தெரு மிக்கேல் பெரியவர் மாசக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். சாமி அவரைச் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனார். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதுதான் தாமதம், பெரியவர் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடி, அரிவாளை எடுத்து மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்க ஆரம்பித்துவிட்டார். "நான் நல்லாத்தேன் இருக்கேன் சாமி, நீங்க அங்கிட்டுப் போங்க!" என்று ஒரே கூச்சல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சாமி சொன்னார்: "என்னோட எண்ணெயவிட என் சைக்கிள் மணிக்குத்தான் வல்லமை சாஸ்தி. நாப்பது நாளா எந்திரிக்காதவரு எந்திரிச்சிட்டாரு." கோயிலே குலுங்கியது. மிக்கேல் பெரியவரும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தார்.

அந்தப் பயத்தைப் போக்க அவர் ஒரு வேலை செய்தார். காரணமே இல்லாமல் எல்லா வீட்டுக்கும் சைக்கிளில் போக ஆரம்பித்தார். ஒரு வீட்டில் மோர் குடிப்பார், இன்னொரு வீட்டில் புளி உலுக்குவதை வேடிக்கை பார்ப்பார், பொண்ணு பார்க்க வந்தவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சொஜ்ஜி தின்பார். "சாமியாருக்கு வேற சோலி இல்லியா?" என்று நானே முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறேன். எனக்கு முன்கோபம் அதிகம், உங்களுக்கே தெரியும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எமனுக்கும் எனக்கும் வித்தியாசம் இவங்களுக்குத் தெரிய வேணாமா உபதேசியாரே? எமனுக்கு எருமை. அது பஞ்சராகாது" என்றார். சொன்ன அன்றைக்கே அரிமளம் ரோட்டில் சைக்கிள் பஞ்சராகி, ரெண்டு மைல் வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தார்.

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போன கதையை எங்கள் தெரு செபஸ்தியம்மாளே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அரை மணி நேரம் மருமகள் செய்த குற்றங்களை ஒன்று விடாமல் சொன்னாளாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர், "தாயி, ஒன் மருமக பாவத்துக்கெல்லாம் மன்னிப்புக் குடுத்தாச்சு. இனி ஒன்னோடதச் சொல்லு" என்றாராம்.

ஐம்பத்தேழில் என் மனைவி அந்தோணியம்மாள் விஷக்காய்ச்சலில் விழுந்தாள். பதினெட்டு நாள். வைத்தியர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். ஊரில் எத்தனை வீட்டு வாசலில் நின்று, "ஏன்யா இவ்வளவு நேரங்கழிச்சு ஆள் அனுப்புனீங்க, அறிவிருக்கா?" என்று கத்தியிருப்பேன்! என் வீடு என்று வந்ததும் வாய் அடைத்துவிட்டது. சாமி விசாரித்தபோது, "லேசான சளிதாங்க" என்றேன். கூசாமல் பொய் சொன்னேன்.

அவர் நம்பவில்லை. மத்தியானம் சைக்கிளில் வந்து இறங்கினார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து அவள்தான் ஈனக்குரலில் கூப்பிட்டாள். "சாமி, எனக்கு அவஸ்தை குடுங்க. இவுகளுக்குப் பயம். இவுகளை வெளிய அனுப்பிருங்க." சாமி என்னைப் பார்த்து, "உபதேசியாரே, போயி மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாங்க" என்றார். "எங்க வீட்டுல மாடு ஏதுங்க சாமி?" என்றேன். "அப்ப யார் வீட்டு மாட்டுக்காச்சும் காட்டுங்க!"

நான் போகவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். பாதத்தில் எண்ணெய் பூசும்போது அவளுக்குக் கூச்சம் தாளாமல் சிரித்துவிட்டாள். பதினெட்டு நாளில் அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. சாமியும் லத்தீன் செபத்தை நடுவில் நிறுத்திவிட்டுச் சிரித்தார். மறுவாரம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். இன்றைக்கும் திடமாக இருக்கிறாள்.

அப்போது அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இது சாகுறதுக்குக் குடுக்குற சீட்டு இல்ல உபதேசியாரே. பயந்து கெடக்குற மனுசன் ஒத்தையில கெடக்கக் கூடாது. பக்கத்துல ஒருத்தன் வந்து உக்காரணும். அதுக்குத்தான் என்னையப் படிக்க வச்சு அனுப்பியிருக்காங்க." கேட்டுக்கொண்டேன். எல்லோருக்கும் எடுத்தும் சொன்னேன். என் மண்டையில் மட்டும் ஏறவில்லை.

இந்த வருடம் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்து, புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கண்டக்டர் செய்தி கொண்டுவந்ததற்கு முதல் நாள் மத்தியானம் நான் பார்க்கப் போனேன். ஆள் பாதியாகியிருந்தார். தலையணை மூன்று வைத்துச் சாய்ந்திருந்தார். மூச்சு வாங்க வாங்கப் பேச்சை மட்டும் விடவில்லை. "கஞ்சி கஞ்சியாக் குடுக்குறாங்க உபதேசியாரே. தபசு காலம் இன்னும் முடியலையாம் இங்க" என்றார். சிரித்தேன். அவருக்கு அதுவே போதுமென்று இருந்தது போலிருக்கிறது. பிறகு, "போற வழியில டவுன் சாமியாரை ஒரு எட்டு வரச் சொல்லிட்டுப் போங்க. எண்ணெய் எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. பதினான்கு வருடம் கூட இருந்தவனுக்கு அது தெரியாதா? தெரிந்தது. தெரிந்ததால்தான் பயந்தேன். "என்னங்க சாமி, இப்பவேயா? ஒங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். மிக்கேல் பெரியவரைப் பற்றியோ, இல்லாத மாட்டைப் பற்றியோ ஏதாவது சொல்லிக் கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. "சரி, நாளைக்கு" என்றார். பிறகு, "பஸ்ஸ விட்டுறாதீங்க" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில்தான் டவுன் கோயில். டவுன் சாமியார் வெளிக்கேட்டில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். நான் குடையை மடக்கி, "தோத்திரம் சாமி" என்றேன். அவர் கையைத் தூக்கி ஆசீர்வாதம் கொடுத்தார். நான் நடந்துவிட்டேன். பாவி, நான் நடந்துவிட்டேன். ஊருக்கு வந்து, சாமி சிரித்துப் பேசினார், சீக்கிரம் வந்துவிடுவார் என்று உங்களுக்கெல்லாம் சொன்னேன்.

விடியும்போது நர்ஸ் அம்மா ஆள் விட்டு, டவுன் சாமியார் ஓடி வந்திருக்கிறார். உடம்பில் சூடு இருந்ததாம். உயிர் உண்டோ இல்லையோ என்று தெரியாதபோது சொல்வதற்கு ஒரு சுருக்கச் செபம் உண்டு. 'நீ உயிரோடிருந்தால்' என்று அது தொடங்கும். அதைச் சொல்லி நெற்றியில் மட்டும் பூசியிருக்கிறார். அடக்கத்தன்று கல்லறையில் அவர் என்னிடம், "யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் பக்கத்துலயே இருந்திருப்பேனே உபதேசியாரே. கூப்பிடு தூரத்துலதான கெடந்தாரு?" என்று கண்ணைத் துடைத்தார். நான் ஒரு பிடி மண்ணை அள்ளிக் குழியில் போட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்தோணியம்மாளிடம் மட்டும் சொன்னேன். அவள் கத்தவில்லை. அடுப்பு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு எண்ணெய் பூசுன கைக்கு எண்ணெய் பூச ஆளில்லாமப் பண்ணிட்டீங்களே" என்றாள். இந்த முப்பது நாளாக நாங்கள் வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

இந்தப் பக்கத்து வீடுகளில் எங்கள் சாமி உட்காராத பாய் இல்லை. அவர் மட்டும் ஒத்தையில் போனார். சர்வேசுரன் அவரைக் கைவிட்டிருக்கமாட்டார் என்று டவுன் சாமியார் சொல்கிறார். நானும் நம்புகிறேன். ஆனால் சர்வேசுரனைப் பற்றி இல்லை என் துக்கம். சாமி என்னைத்தான் கேட்டார்.

அவருடைய செபமாலையை ஒருவரும் செபப்புத்தகத்தை ஒருவரும் ஞாபகத்துக்கு வாங்கிக்கொண்டீர்கள். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது ஒன்றும் வேண்டாம் என்றேன். 'சரி, நாளைக்கு' என்று அவர் சொன்னது என்னிடம் இருக்கிறது. என் பயத்துக்கு இரங்கி அவர் விட்டுக்கொடுத்தது அது. சாகிறவரைக்கும் அது என்னைவிட்டுப் போகாது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். என் முறை வரும்போது, இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றுதான் நான் சொல்லுவேன். எனக்கு என்னைத் தெரியும். என் பேச்சைக் கேட்காதீர்கள். ஆள் அனுப்புங்கள்.