இரண்டு கை வேட்டு

சவுரியம்மாளுக்குக் காது கூர்மை. திண்டிவனத்துக்குத் தெற்கே இருந்த கல்குவாரியில் அவளுக்கு அந்த வேலை கிடைத்ததே அதனால்தான். கல் சுமக்க வந்தவளை, வேட்டு எண்ண வைத்தார்கள்.

பாறையில் உளியடித்துக் குழி போட்டு, மருந்து திணித்து, திரி வைத்துக் கொளுத்திவிட்டு ஓடிவருவார் வேட்டுக்காரர். எல்லாரும் தூரத்தில் பதுங்கிக்கொள்வார்கள். எத்தனை திரிக்கு நெருப்பு வைத்தாரோ அத்தனை வெடிச் சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் யாரும் பள்ளத்தில் இறங்கக்கூடாது. பாறைக்குள் அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். வேட்டுக்காரர் ஒரு கணக்குச் சொல்வார், சவுரியம்மாள் ஒரு கணக்குச் சொல்வாள். இரண்டும் ஒத்துப்போனால் மேஸ்திரி கோதண்டபாணி சிவப்புத் துணியை இறக்குவார்.

முகையூர்ப் பக்கத்துக்காரி அவள். கல்யாணத்துக்கு முன் ஊர் ஊராக நடவுக்குப் போனவள். நாற்றுக் கட்டுகளான முடிகளைக் கை கையாகத்தான் எண்ணுவார்கள். ஐந்து விரலுக்கு ஐந்து முடி, அது ஒரு கை. குவாரிக்கு வந்த பிறகும் அதே வழக்கம். வெடிக்க வெடிக்க விரலை மடக்குவாள். பழைய வேட்டுக்காரர் மாரியப்பனுக்கும் கை என்றால் ஐந்துதான். அதனால் யாரும் யாரையும் விளக்கம் கேட்டதில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் மாரியப்பன் வேலையை விட்டுப் போனார். அவர் இடத்துக்குப் பாண்டுரங்கன் வந்தார். நாற்பது வயது, கெட்டி உடம்பு, ஓயாத பேச்சு. கொஞ்ச காலம் வேறொரு குவாரியில் மருந்து வேலை பார்த்தவர். அதற்கு முன்னால் திண்டிவனத்தில் மாங்காய் மண்டியில் கூடை கூடையாக எண்ணிப் போட்டவர். முதல் வாரம் மழை. மூன்று வேட்டு, நான்கு வேட்டு என்று சின்ன வேலைதான் நடந்தது. எண்ணிக்கையை இருவரும் அப்படியே சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் விழுப்புரம் ரயில் லைனுக்கு ஜல்லி போக வேண்டியிருந்தது. மேஸ்திரி கோதண்டபாணி காலையிலேயே கத்த ஆரம்பித்துவிட்டார். கிழக்கு ஓரம் வரைக்கும் குழி போட்டார்கள். பாறை இன்னும் ஈரமாக இருந்தது. பாண்டுரங்கன் வரிசையாகக் கொளுத்திக்கொண்டே வந்து கடைசியில் ஓட்டமாக ஓடிவந்து பாறை மறைவில் குந்தினார்.

வெடித்தது. சவுரியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு விரல்களை மடக்கினாள். ஒரு கை மடங்கி முடிந்தது. மறு கையும் மடங்கியது. பிறகு சத்தம் இல்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். புகை மட்டும் மேலே ஏறியது.

"இன்னா சவுரி, எவ்ளோ?" என்றார் மேஸ்திரி.

"ரெண்டு கை மேஸ்திரி."

"பாண்டுரங்கா, நீ இன்னா சொல்ற?"

"ரெண்டு கைதான். கரீட்டா இருக்குது."

சிவப்புத் துணி இறங்கியது. ஆண்களும் பெண்களும் கூடையையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார்கள். சவுரியம்மாளின் புருஷன் சவுரிராயன் எல்லாருக்கும் முன்னால் போனான். பன்னிரண்டு வயதிலிருந்து சம்மட்டி அடித்தவன். காது பாதிக்கு மேல் போய்விட்டது. நேராகக் கிழக்கு மூலைக்குப் போய், சாய்ந்து நின்ற ஒரு கல்லுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்தான்.

சவுரியம்மாள் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள். பின்னால் பாண்டுரங்கன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மேஸ்திரியிடம் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"பார்த்துக்கினு தான இருந்தீங்க? ஒத்த ஆளா ஒரு டஜன் வேட்டு. ஒண்ணு கூட ஏமாத்தல."

அவள் திரும்பினாள். டஜன் அவளுக்குத் தெரியும். வளையல்காரன் டஜன் கணக்கில்தான் கொடுப்பான்.

"அண்ணே, டஜன்னா பன்னெண்டு இல்ல?"

"ஆமாம்மா. பன்னெண்டுதான கொளுத்துனேன்."

"ரெண்டு கைன்னு சொன்னீங்களே!"

"ரெண்டு கைதான். கைக்கு ஆறு. ரெண்டு ஆறு பன்னெண்டு." மண்டியில் எண்ணுகிற மாதிரி, இரண்டு கையாலும் மும்மூன்றாக ஆறு காயை ஒரே வீச்சில் அள்ளிப் போடுவதுபோல் காட்டினார். காட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் கை நின்றுவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தார்.

"எனக்குக் கைக்கு அஞ்சு அண்ணே. பத்துதான் வெடிச்சுது."

மேஸ்திரி குறுக்கே வந்தார். "ரெண்டு ஒண்ணா வெடிச்சிருக்கும். உனக்குப் புரிஞ்சிருக்காது. லாரி வந்துகினு இருக்குது, வேலையப் பாரு."

"ஒண்ணா வெடிச்சா சத்தம் வேற மாதிரி இருக்கும் மேஸ்திரி!" சொல்லிவிட்டு அவள் விளிம்புக்கு ஓடினாள். "மேல வாங்க! எல்லாரும் மேல வாங்க! ரெண்டு வேட்டு உள்ள கீது!"

கூடைகளைப் போட்டுவிட்டு ஜனங்கள் ஏறத் தொடங்கினார்கள். ஒருத்தி இடறி விழுந்தாள், இன்னொருத்தி அவளை இழுத்துக்கொண்டு வந்தாள். எல்லாரும் ஏறிவிட்டார்கள். சவுரிராயன் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு கல்லை நெம்பிக்கொண்டிருந்தான்.

"யோவ்! வாய்யா!" என்று அவள் அலறினாள். அவன் திரும்பவில்லை.

"கடைசி ரெண்டு திரி அந்த மூலையிலதான்," என்றார் பாண்டுரங்கன். "ஈரத் திரி. கனன்னுகினு இருக்கும்." அடுத்த நொடி அவர் சரிவில் இறங்கி ஓடினார்.

சவுரியம்மாளும் இறங்கப் போனாள். யாரோ சேலையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் குனிந்து ஒரு கல்லை எடுத்து வீசினாள். அது அவன் வரைக்கும் போகவேயில்லை. இரண்டாவது கல் அவன் தோளில் பட்டது. சவுரிராயன் கோபமாகத் திரும்பினான். கையை வீசிக்கொண்டு ஓடிவரும் பாண்டுரங்கனைப் பார்த்தான். கடப்பாரையை விட்டுவிட்டு ஓடத் தொடங்கினான். பாண்டுரங்கன் அவன் கையைப் பற்றி முன்னால் தள்ளிவிட்டார்.

அப்போது வெடித்தது.

புகை கலைந்தபோது சவுரிராயன் மண்ணில் குப்புறக் கிடந்தான். எழுந்து உட்கார்ந்தான். நெற்றியில் ஒரு கீறல் மட்டும்தான். பாண்டுரங்கன் எழவில்லை. தலையளவு கல் ஒன்று அவர் வலது தொடையில் விழுந்திருந்தது. இன்னொரு வேட்டு பாறைக்குள்ளேயே இருந்தது. அது தெரிந்தேதான் இரண்டு பேர் இறங்கி அவரைத் தூக்கிவந்தார்கள். அந்தக் கடைசி வேட்டு வெடிக்கவேயில்லை. மறுநாள் குழியில் தண்ணீர் ஊற்றி மருந்தைக் கரைத்தார்கள்.

ஜல்லி ஏற்ற வந்த லாரியிலேயே பாண்டுரங்கனைத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் நாள் குவாரிக் குத்தகைதாரர் சக்கரபாணி விசாரிக்க வருவதாகத் தகவல் வந்தது. அவர் வருவதற்கு முன் மேஸ்திரி சவுரியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாண்டுரங்கன் பத்து வேட்டுன்னு சொன்னான்னு சொல்லிடு. கொளுத்துனவன் தப்பா சொன்னான்னு ஆயிடும். உனக்கும் பேஜாரு இல்ல, எனக்கும் இல்ல. உன் புருசனுக்கும் வேலை போவாது."

அவள் அன்றிரவு சவுரிராயனிடம் சைகையும் பேச்சுமாக விஷயத்தைச் சொன்னாள். அவன், "அந்த ஆளு எனக்கோசரம் எறங்கினாரு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

சக்கரபாணி வந்து தகரக் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேஸ்திரி பக்கத்தில் நின்றார்.

"யாரும்மா தப்பா எண்ணுனது?"

"யாரும் தப்பா எண்ணலங்க. அவரு கை ஆறு, என் கை அஞ்சு. ரெண்டு பேரும் ரெண்டு கைன்னு சொன்னோம். எத்தினின்னு நானும் கேக்கல, அவரும் கேக்கல." அவள் மேஸ்திரியைக் கைகாட்டினாள். "தெரிஞ்ச பிறகு நான் சொன்னேங்க. மேஸ்திரி, வேலையப் பாருன்னாரு."

சக்கரபாணி மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார். எழுந்து காருக்குப் போனார். பாண்டுரங்கனின் வைத்தியச் செலவைக் குத்தகைதாரரே கட்டினார் என்று பிறகு தெரிந்தது. ஆனால் திங்கட்கிழமை சவுரியம்மாளும் சவுரிராயனும் வேலைக்குப் போனபோது, இடமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த மழைக்காலம் அவர்களுக்கு மோசமாகக் கழிந்தது. கண்டாச்சிபுரத்தில் கடலைக்காட்டுக்கு மல்லாட்டை பிடுங்கப் போனார்கள். வேலை இல்லாத நாளில் கேப்பைக் கூழ்தான். அதற்கு நடுவிலும் சவுரியம்மாள் ஒருநாள் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். பாண்டுரங்கன் கால் தூக்கிக் கட்டப்பட்டுப் படுத்திருந்தார். அவர் மனைவி காந்திமதி இவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாண்டுரங்கன்தான், "அவ எண்ணலன்னா அத்தினி பேரும் பூட்டிருப்பாங்கடி," என்றார். காந்திமதி வெகுநேரம் கழித்து ஒரு டம்ளர் காபியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

அடுத்த வருஷம் விழுப்புரத்துக்கு மேற்கே இன்னொரு குவாரியில் அவளுக்கு மறுபடியும் அதே வேலை கிடைத்தது; சவுரிராயனும் அங்கேயே கல்லுடைக்கச் சேர்ந்தான். முதல் நாளே வேட்டுக்காரரிடம், "கைக்கணக்கு வேணாங்க. ஒண்ணு ரெண்டுன்னு சத்தமா சொல்லிக்கினே கொளுத்துங்க," என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் அப்படிக் கொளுத்த ஒப்புக்கொள்ளும் வரை அவள் எண்ணுகிற இடத்துக்குப் போகவில்லை.

அறுபத்தாறாம் வருஷம் வரை அங்கே வேலை பார்த்தாள். கடைசி வேட்டுக்குப் பிறகு வரும் அமைதி மட்டும் அவளுக்குப் பழகவேயில்லை. கணக்கு ஒத்துப்போன நாட்களிலும், சவுரிராயனை எல்லாருக்கும் கடைசியாகத்தான் பள்ளத்தில் இறங்க விட்டாள்.