மகளின் பாட்டிலை நான் கொட்டிய வெள்ளிக்கிழமை

போன வருடம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. திருவொற்றியூரில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டில் நடந்தது இது.

நான் எட்டாவது வரை படித்தவள். வீட்டுக்காரர் கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள். கேட்டரிங் படித்துவிட்டு நகரத்தில் ஒரு பெரிய ஓட்டலில் காண்டிராக்டில் வேலை பார்த்தாள். ஜூஸ் போடுகிற இடத்தில் வேலை என்று என்னிடம் சொல்லியிருந்தாள். நானும் தெருவில் எல்லோரிடமும் அப்படியே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மாதத்தோடு காண்டிராக்ட் முடிகிறது, செவ்வாய்க்கிழமை ஏதோ பரீட்சை வைக்கிறார்கள், தேறினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றுவது என் வழக்கம். பழத்தை இரண்டாக வெட்டிச் சாற்றைப் பிழிந்துவிட்டு, மூடியைக் கிழியாமல் புறம் திருப்பி, அந்தக் கிண்ணத்தில் நெய் விட்டுத் திரி போடுவோம். அந்த வாரம் முழுக்க அவளுடைய வேலைக்காகத்தான் வேண்டுதல்.

தலைக்குக் குளித்துவிட்டு வந்து பிரிட்ஜைத் திறக்கிறேன், முந்தின நாள் வாங்கி வைத்த பழம் ஒன்றுகூட இல்லை. சமையலறைக்குப் போனால் மகள் நிற்கிறாள். மேடை முழுக்க நசுங்கிப்போன எலுமிச்சை மூடிகள். ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளரைச் சின்ன டம்ளர் மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்குகிறாள். பக்கத்தில், எங்கள் சாமி அலமாரிக்கு மூன்றடி தள்ளி, முக்கால் பாட்டில் விஸ்கி.

என் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தார். அவரைச் சாக்கடை ஓரத்திலிருந்து எத்தனை முறை தூக்கி வந்திருப்போம் என்று எனக்கும் என் அம்மாவுக்கும்தான் தெரியும்.

முந்தானையால் மூக்கை இறுக்கப் பொத்திக்கொண்டேன். பாட்டிலைப் பிடுங்கித் தொட்டியில் கவிழ்த்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் கொட்டினேன்.

"வெள்ளிக்கெயமையும் அதுவுமா சாமி கீற வூட்ல சாராயமாடி?" என்று நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு ஜன்னல் திறந்தது.

"மா, ஒரு வாட்டி மோந்து பாரு மா. அப்பால திட்டு."

"அத்த மோந்து பாக்கத்தான் பெத்தேனா உன்ன? பேசாத!"

நான் வேறு பழம் வாங்கிக்கொள்ளலாம் என்று கோயிலுக்கு நடந்துவிட்டேன்.

கோயில் வாசலில் பழம் விற்கிற அக்காவிடம் பல வருடப் பழக்கம். பழத்தைப் பொறுக்கிக்கொண்டே அழுதுவிட்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்த அக்கா கூறு கட்டுவதை நிறுத்தாமலே கேட்டது.

"உன் பொண்ணு குடிச்சிகினு இருந்துச்சா?"

"தெர்ல அக்கா."

"வாயில நாத்தம் வந்துச்சா?"

"நான் மூக்க பொத்திகினேன்."

"சர்தான். இன்னாத்துக்குடி பாட்டிலுன்னு கேட்டியா?"

"இல்ல."

"அய்ய! அதுங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம, இங்க வந்து அம்மன இன்னாத்துக்கு பேஜாரு பண்ற? வெளக்க ஏத்திட்டு வூட்டாண்ட போய்க் கேளு மே. போ."

எனக்குச் சுருக்கென்றது. விளக்கை ஏற்றினேன். ஆனால் என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. வேலை கிடைக்க வேண்டும் என்று கேட்பதா, அந்த வேலையே வேண்டாம் என்று கேட்பதா? ஒன்றுமே கேட்காமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் மகளைக் காணோம். மேடையைத் துடைக்கலாம் என்று போனபோதுதான் கண்ணில் பட்டது. அடுப்பு ஓரத்தில் வடிகட்டி. அது நிறையக் கொதித்த டீத்தூள். காலி பாட்டிலை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். எங்கள் வீட்டு டீத்தூள் வாசனை. வேறொன்றும் இல்லை.

மொட்டை மாடிக்கு ஓடினேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஓட்டல்ல காலியான பாட்டில் மா. நாலு தபா கய்வி எட்தாந்தேன். கையில அந்த வெயிட்டு இருந்தாத்தான் ஊத்துற அளவு பயகும். சாமி கீற வூட்டுக்கு நெச சரக்கு எட்தாருவேனா? உன்ன எனக்குத் தெரியாதா?"

அப்புறம்தான் முழுசாகச் சொன்னாள். அவள் வேலை ஜூஸ் இடத்தில் இல்லை, பாரில் உதவியாள். செவ்வாய்க்கிழமை அவள் மேலதிகாரி முன்னால் 'விஸ்கி சவர்' என்று ஒன்று செய்து காட்ட வேண்டும். விஸ்கி, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு. மூன்றே சாமான். புளிப்பு ஒரு துளி ஏறினாலும், இனிப்பு ஒரு துளி ஏறினாலும் கெட்டுவிடுமாம்.

"ஜனங்களுக்கு ஊத்திக் குடுக்குற வேலையாடி உனக்கு? உங்க தாத்தா கதய மறந்துட்டியா?" என்று கேட்டேன். இந்த முறை கத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போன மாசம் ஒருத்தரு நாலாவது கிளாஸ் கேட்டாரு மா. எங்க சாரு, போதும் சார்னு சொல்லி, தண்ணி குடுத்து, வண்டி வச்சி வூட்டுக்கு அனுப்புனாரு. தாத்தாவுக்கு ஊத்துன எவனாவது போதும்னு சொல்லி இருப்பானா? நான் அங்க நின்னா சொல்லுவேன்."

அவள் தலையை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

மதியம் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். உங்களுக்கு இது தெரியுமா என்றேன். மனிதர் தேவைக்கு மேலேயே நேரம் எடுத்துக் கால் கழுவினார்.

"மூணு மாசமா தெரியும். நூறடி ஒசரத்துல கிரேன்ல குந்திகினு கீறேன், பயம் இல்ல. உங்கிட்ட இத்த சொல்லத்தான் தில்லு வர்ல."

மகள் சிரித்துவிட்டாள். அதைக் கேட்டதும்தான் என் உயிர் திரும்பி வந்தது.

அன்று சாயந்திரம் நானே டீ கொதிக்க வைத்து, ஆற விட்டு, பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். செவ்வாய் வரைக்கும் நானும் வீட்டுக்காரரும்தான் அவளுக்கு வாடிக்கையாளர்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, "குட் ஈவினிங் மேடம், குட் ஈவினிங் சார்" என்று நீட்டுவாள். ஒவ்வொரு தரமும் வாயில் ஒரு கசப்பு நின்றது. ஏன் என்று அவள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். அவள் பிழிவதைப் பார்த்தேன். மூடி கிழிகிற மட்டும் நசுக்கினாள். நான் விளக்குக்குப் பிழிகிற மாதிரி மெதுவாக ஒரு பழம் பிழிந்து கொடுத்தேன். தோல் கிழியாததால் கசப்பு இறங்கவில்லை. "இன்னா நைனா, இப்ப எப்டி கீது?" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஷோக்கா கீது. இன்னும் ஒரு ரவுண்டு ஊத்து" என்றார். சாயந்திரம் முழுக்க டீ குடித்து அவருக்குத் தூக்கமே வரவில்லை என்பது வேறு கதை.

செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கு போன் வந்தது. இவள் செய்ததை ருசி பார்த்துவிட்டு அதிகாரி மறுபடி ஒரு வாய் குடித்தாராம். "ஒண்ணாம் தேதில இருந்து பர்மனென்ட் மா" என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. வீட்டுக்காரர் என் கையிலிருந்து போனை வாங்கி, "இன்னொரு தபா சொல்லு மா" என்றார்.

அந்த வேலை சரியா, தப்பா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்கு முழுசாகப் பதில் சொல்லத் தெரியாது. தெருவில் கேட்பவர்களிடம் மட்டும் ஒளிக்காமல் உள்ளதைச் சொல்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும். போன வாரம் ஒருவருக்கு 'போதும்' சொல்லி அனுப்பி வைத்ததாக அவள் வந்து சொன்னபோது, அந்த ஆளின் வீட்டில் கதவைப் பார்த்துக்கொண்டு காத்திருந்திருக்கக்கூடிய பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

அம்மனிடம் கேட்க எனக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஆனால் மகளிடம் கேட்க வேண்டியதை முதலில் மகளிடமே கேட்டுவிட்டுத்தான் இப்போதெல்லாம் கோயில் படி ஏறுகிறேன்.