பெரியவரின் ரத்தப் பரிசோதனை

அந்த வட்டாரத்தில் அவளை ஊசி அக்கா என்றால்தான் தெரியும். விடிந்ததும் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, பரிசோதனைக்கூடத்தில் கொண்டு சேர்ப்பது அவள் வேலை. கணவர் தையல்காரர். இருவர் பிழைப்பும் ஊசி முனையில்தான் நின்றது. ஆனால் ஓடியது என்னவோ ஒரு மோட்டார் சைக்கிளின் தயவில்.

அது அவர் ஆசையாக வாங்கிய வண்டி. மூன்றாம் நாளே ஒரு நாய் குறுக்கே வர, நாய்க்கு வழிவிட்டுவிட்டு இவர் சாக்கடைக்குள் போனார். "எனக்கும் இதுக்கும் ஒத்துவராது" என்று சாவியை மனைவி கையில் திணித்தவர், அதன்பிறகு அதன் பக்கம் திரும்பவில்லை. பத்தொன்பது வருடமாக அவள்தான் ஓட்டுகிறாள். ஐந்து இலக்க மீட்டர் ஒரு முழுச் சுற்று சுற்றி முடித்து, ஒன்றுமே நடக்காததுபோல் பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி கிளம்பி, இப்போது எண்பத்தாறாயிரத்தில் இருக்கிறது. இத்தனை தூரம் உழைத்ததை வெறும் வண்டி என்று சொல்ல வாய் வருமா? வீட்டில் அதற்குப் பெரியவர் என்று பெயர்.

பெரியவர் நடுவழியில் படுக்கக் கூடாது. வெறும் வயிற்றோடு காத்திருக்கும் மனிதர்களின் கோபத்தை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் அதன் காரணம் புரியும். ஒருநாள் அவள் அரைமணி நேரம் தாமதமாகப் போனபோது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆறிப்போன காபியைக் கையில் ஏந்தியபடி வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஊசியை அப்புறம் குத்தலாம். முதல்ல காரணத்தைச் சொல்லும்மா."

"கிளட்ச் கேபிள் அறுந்துபோச்சு சார்."

"அறுந்துபோகும்னு தெரியுமில்ல? இன்னொண்ணு கையில இருக்க வேண்டாமா?"

நியாயமான கேள்வி. அன்றிலிருந்து சீட்டுக்கு அடியில் ஒரு கேபிள், ஒரு ஸ்பார்க் பிளக், இரண்டு ஸ்பானர் நிரந்தரமாகக் குடியேறின. சுவரில் ஆணி அடித்துப் பெரியவருக்கென்று ஒரு கேஸ் ஷீட்டும் தொங்கவிட்டாள். ஆயில் எப்போது மாற்றியது, டயரில் காற்று எவ்வளவு, புதிதாக ஏதாவது முனகல் உண்டா, எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கும். ஞாயிறு காலை செயினை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் தேய்த்து, கணவரின் வெட்டுத்துணியால் துடைத்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுவாள். ஒரு தடவை அவசரத்தில் கைக்கு வந்தது வெட்டுத்துணி இல்லை, ஒரு வாடிக்கையாளரின் புதுக் கால்சட்டை. அதன் இடது காலால் மட்டும்தான் துடைத்தேன் என்று அவள் எவ்வளவு சொல்லியும் கணவர் இரண்டு நாள் பேசவில்லை.

ஒரு ஞாயிறு ஆயில் மாற்றும்போது, வடிந்த பழைய ஆயிலில் ஏதோ மினுமினுத்தது. மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று ஒரு ரத்தக் குப்பியில் கொஞ்சம் பிடித்து வைத்தாள். கைப்பழக்கம் யாரை விட்டது? குப்பியில் லேபிள் ஒட்டி, "பெரியவர், வயது 19" என்று எழுதினாள். மறுநாள் காலை அதே கை அந்தக் குப்பியையும் சேர்த்துப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துவிட்டது.

இரண்டாம் சுற்றுக்குக் கிளம்பி, வெயிலுக்கு ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தியபோது போன் அடித்தது. பரிசோதனைக்கூடத்து இளம் டாக்டர். பத்தொன்பது வயதில் யாரும் பெரியவராக இருக்க முடியாது, அக்கா அவசரத்தில் தொண்ணூற்றொன்றைத் திருப்பி எழுதிவிட்டார் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார்.

"அக்கா, பெரியவர்னு ஒரு சாம்பிள் குடுத்திருக்கீங்களே..."

குப்பி மாறிப் போயிருப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் டாக்டரும் வண்டி வைத்திருப்பவர் ஆயிற்றே, பார்த்ததும் புரிந்துகொண்டு அக்கறையாகக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"பார்த்தீங்களா டாக்டர்? ரொம்பக் கறுத்துப்போச்சில்ல?"

"நான் படிச்ச எந்தப் புத்தகத்துலயும் இந்தக் கலர் இல்லக்கா! ஆள் எப்படி இருக்காரு?"

"அவருக்கென்ன, ஜம்முனு இருக்காரு. காலையில ரெண்டே உதையில கிளம்பிட்டாரு."

மறுமுனையில் டாக்டரின் குரல் ஒரு கட்டை ஏறியது.

"உதைப்பீங்களா?"

"முதல்ல மெதுவாத்தான். கேக்கலைன்னா கொஞ்சம் சாய்ச்சு வச்சு உதைக்கணும்."

"எத்தனை நாளா ரத்... எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை இப்படி ஆயிடும். மொத்தமா எடுத்துட்டுப் புதுசு ஊத்திடுவேன்."

"மொத்தமாவா! எங்க வச்சு?"

"வாசல்லதான். அடியில பழைய பேசின் ஒண்ணு வச்சு, கீழ இருக்கிற போல்ட்டைக் கழட்டினாப் பத்து நிமிஷத்துல வடிஞ்சிடும்."

அங்கே ஏதோ கண்ணாடிச் சாமான் விழுந்து உடைந்தது. "அக்கா, அவர் இப்ப எங்க?"

"இதோ, அவர் மேலதான் உக்காந்திருக்கேன்."

"எறங்குங்கக்கா! முதல்ல எறங்குங்க! ஆம்புலன்ஸ் அனுப்புறேன்!"

ஆம்புலன்ஸ் என்றதும்தான் அவளுக்கு விளங்கியது. "ஐயோ டாக்டர், அது எங்க வண்டி! அந்தக் குப்பியில இருக்கிறது என்ஜின் ஆயில்!"

கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல் வந்தது. "நான் மைக்ராஸ்கோப்ல வேற வச்சுப் பார்த்தேன்."

வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். ஊசி அக்கா, "என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"தங்கக் கலர்ல பளபளன்னு துகள். எக்கச்சக்கமா இருக்கு."

அதற்குமேல் அவள் சாவியைத் திருகவில்லை. வெயிலில் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போய் மெக்கானிக் முன்னால் நிறுத்தினாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"தங்கக் கலர்னா உள்ள புஷ்ஷுங்கிற பித்தளை வளையம் தேயுதும்மா. இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தீங்கன்னா நடுரோட்டுல கியர் இறுகி நின்னிருக்கும். ஆமா, இதை யாரு கண்டுபிடிச்சது?"

"டாக்டர்."

மெக்கானிக் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஸ்பானரை எடுத்தார்.

பெரியவர் மூன்று நாள் ஷெட்டில் கிடந்தார். ஊசி அக்கா பஸ்ஸில் தொங்கிக்கொண்டு எல்லா வீட்டுக்கும் தாமதமாகப் போனாள். தலைமையாசிரியருக்குப் பயந்துகொண்டே போனால், அவர் அன்றைக்குக் காபியைக் கலக்கவே சொல்லவில்லை.

"பெரியவருக்கு ஆபரேஷனாமே? நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கையை நீட்டினார். "வயசானா இதெல்லாம் வரும்தான். நீ பதறாமக் குத்தும்மா."

பரிசோதனைக்கூடத்தில் டாக்டரை ஒரு மாதம் வைத்துச் செய்தார்கள். "மனித ரத்தம் மட்டும் பெறப்படும்" என்று கவுண்டரில் யாரோ எழுதி ஒட்டினார்கள். அவர் அதைக் கிழிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. ஒரு ஞாயிறு காலை தன் வண்டியை ஓட்டிக்கொண்டு ஊசி அக்கா வீட்டுக்கு வந்து நின்றார். வாங்கி மூன்றே வருடமான வண்டி. செயின் செங்கல் நிறத்தில் இருந்தது.

"இதைக் கடைசியா எப்ப கழுவினீங்க டாக்டர்?"

"மழை பெய்யுதில்லக்கா."

அவள் பிரஷை நீட்டினாள். மத்தியானத்துக்குள் டாக்டர் முழங்கை வரை கறுத்துப்போனார். பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். அது கிரீச் என்ற சத்தமில்லாமல் ஓடுவதைப் பார்த்துத் தான் பெற்ற பிள்ளை நடப்பதுபோல் பூரித்துப்போனார்.

"அடுத்த வாரமும் வரலாமா அக்கா?"

"வராம? பிரேக்கை யார் பார்க்கிறது?" என்றாள் அவள்.